பஸ் ஸ்டாண்டை மண்டபத்துக்குள் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஃபில்டர் காபிக் கடைகளின் ஃபிராஞ்சைஸ் ஆண்டு மாநாடு, பஸ் ஸ்டாண்ட் என்ற கருப்பொருளில், திருச்சியில் நல்லபடியாக நடந்து முடிந்தது. 164 கடைகள், கடைக்கு இரண்டு பேர், அலுவலகத்தாரையும் சேர்த்தால் 350 பேர். மேடையில் நன்றி சொன்னபோது கேட்கவேண்டிய பாதிப் பேர் சமையல்கூடத்திலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் நின்றார்கள். அதனால்தான் இந்த மடல்.

தேதியைக் குறித்துக் கொடுத்த மாவட்டப் பொறுப்பாளர்களுக்கு முதல் நன்றி. சனி, ஞாயிறு வியாபாரத்தை விட்டுவிட்டு எந்தக் கடைக்காரரும் கிளம்ப முடியாது. முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லாததால் இரண்டும் சுலபம். ஆனால் ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் வண்டி நகராது; ஆடிச் செவ்வாய், வெள்ளியில் சமயபுரத்துக் கூட்டம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து ஒரு புதன்கிழமையைப் பிடித்தீர்கள். சென்னை, கோவை, மதுரை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தவரும் அன்றிரவே திரும்ப முடிந்ததற்கு நீங்கள்தான் காரணம்.

அந்தக் கருப்பொருள் வெறும் அலங்காரமாக நின்றுவிடக் கூடாது, வந்தவருக்கு அது வழி காட்டவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே உறுதியாகச் சொன்ன தஞ்சாவூர்க் கடை அம்மாவுக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். மாநாட்டின் ஒவ்வொரு முடிவையும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எடுத்தோம். எட்டு மண்டலத்துக்கு எட்டு நடைமேடை. ஒவ்வொன்றிலும் 41 பேர். ஐந்து வருடம் கடை நடத்தியவர் பக்கத்தில் இந்த வருடம் கடை திறந்தவர். சாப்பாட்டு வரிசையில் வாடகையும் வேலையாள் சம்பளமும் பேசிக்கொண்டார்கள் என்றால் இந்த இருக்கை அமைப்புதான் காரணம்.

ஊர்ப்பலகை எழுதிய ஓவியர் ஐயாவுக்குத் தனி நன்றி. ஃபிளெக்ஸில் அடித்தால் மேடை விளக்கு பட்டு எழுத்தே தெரியாது என்று தடுத்தவர் அவர். பளபளக்காத பெயின்ட்டில் 14 பலகைகள் எழுதினார். அறுபது அடி தள்ளி நிற்பவர் வாசிக்கவேண்டும் என்றால் எழுத்து ஆறு அங்குலமாவது இருக்கவேண்டும் என்று அளந்து கோடு போட்டார். ‘ழ’வின் சுழியை மட்டும் மெல்லிய தூரிகையால் இரண்டாவது முறை தொட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். பெயின்ட் வாசனை போக வேண்டும் என்று பத்து நாள் முன்பே முடித்துக் கொடுத்தார். காபி மணக்கவேண்டிய இடத்தில் பெயின்ட் மணக்கக் கூடாதே!

பதிவு மேசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகளே, போன வருடக் குழப்பம் உங்களால் தீர்ந்தது. பெயர் அகரவரிசையில் பட்டியல் போட்டால் இனிஷியல் காலை வாரும். ஒருவரைத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தில் தேடுவதா, அவர் பெயரில் தேடுவதா? இம்முறை கடை எண்ணும் நடைமேடை நிறமும்தான் வரிசை. டிக்கெட்டைக் காட்டியதும் அடையாள அட்டை கைக்கு வந்தது.

ஒலி, ஒளி தம்பிகளுக்கு நன்றி. கல்யாண மண்டபத்தில் மேடையின் இருபுறமும் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் பின்சுவரில் மோதி எதிரொலிக்கும். கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் புரியாது. சுவரோரமாக நெடுகச் சின்ன ஸ்பீக்கர்களை வைத்துச் சத்தத்தைக் குறைத்தீர்கள். ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி ஃபேஸில் கரண்ட் இழுத்ததால் இரைச்சல் இல்லை. பதினொரு மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் திரையும் மைக்கும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. பேசியவருக்குக்கூட அது தெரியாது.

டைம் கீப்பராக உட்கார்ந்த ஓய்வுபெற்ற நடத்துநர் அண்ணனை யாரும் மறக்கமாட்டோம். இரண்டு விசில் கொடுத்தால் அடுத்தவர் மேடையேறலாம், ஒரு விசில் என்றால் பேச்சை நிறுத்தவேண்டும். எங்கள் மேலதிகாரிக்கும் அதே ஒரு விசில்தான்.

இனி சமையல்கூடம். மூன்று வேளைக் காபி, சுமார் 1,050 டம்ளர். டம்ளருக்கு 75 மில்லி என்று 80 லிட்டர் பால், 10 கிலோ தூள். கணக்கு எளிது, கடினம் டிகாக்‌ஷனில்தான். காலையில் மொத்தமாக இறக்கி வைத்தால் மதியத்துக்குள் மணம் போய்விடும், சூடாக்கினால் கசக்கும். மாஸ்டரும் அக்காமார்களும் அதிகாலை நாலு மணி, ஒன்பது மணி, மதியம் இரண்டு மணி என்று மூன்று தடவை புதிதாக இறக்கினார்கள். காபி விற்பவர்களுக்கே காபி கொடுப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு! ஒரு டம்ளர்கூட மீதி வைத்துத் திரும்பி வரவில்லை.

முன்கூட்டியே கேள்விச் சீட்டு அனுப்பிய கடைக்காரர்களுக்கும் நன்றி. ராயல்டி, சரக்குத் தாமதம், பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறப்பது என்று மூன்று கட்டாகப் பிரித்தோம். ஒரே கடையைப் பற்றிய சீட்டுகளை மேடையில் படிக்காமல், மதியம் தனி அறையில் கணக்குப் பிரிவோடு உட்கார வைத்தோம். நீங்கள் ஒளிக்காமல் எழுதியதால்தான் பேச்சு உருப்படியாக நடந்தது. தூள் வண்டி இனி வாரம் இருமுறை வரும் என்பது அந்தச் சீட்டுகளால் வந்த முடிவு.

கடைகளுக்கான ஷீல்டுகளில் பொறிக்கும் எழுத்துகளை மூன்று வாரம் முன்பே கடைக்காரர்களுக்குப் படமெடுத்து அனுப்பிச் சரிபார்த்த அலுவலகத் தங்கைகளுக்கும் எங்கள் அன்பு. கணவன், மனைவி சேர்ந்து நடத்தும் கடைகளுக்கு இருவர் பெயரும் பிழையில்லாமல் வந்திருந்தது.

ஊர்ப்பலகைகள் பதினான்கும் குடோனில் பத்திரமாக இருக்கின்றன. கடையில் மாட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். அடுத்த தூள் வண்டியில் ஏற்றி விடுகிறோம்.

அன்புடன்,
மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவினர்