கொசுவலைக்குள் தூங்கு

அன்புள்ள கண்ணா,

மலேரியா மாத்திரையை விடாமல் போடுகிறாயா? கொசுவலைக்குள் தூங்கு. மூன்று வாரமாக உன்னிடமிருந்து வருவது வெறும் கட்டைவிரல்தான். மலக்காலில் நெட்வொர்க் இல்லை என்கிறார் அப்பா, சரி, கட்டைவிரல் வருகிற வழியில் "சாப்பிட்டேன் அம்மா" வராதா? மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், என் பையன் ஐ.நா.வின் நீலத் தொப்பியோடு தெற்கு சூடானில் நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை.

போன வியாழன் இந்தியா கேட் பக்கம் தேசியப் போர் நினைவிடத்துக்குப் போனேன். 2019-ல் திறந்தது, இதே டெல்லியில் நம் ஆர்.கே.புரத்திலிருந்து எவ்வளவு தூரம், இத்தனை வருஷம் கால் போகவில்லை. வட்டம் வட்டமாகக் கிரானைட் சுவர், ஆளுக்கு ஒரு கல், பொன்னெழுத்தில் பெயர். மாமா பெயரைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயிலில் கல் சுட்டது, கையை எடுக்க மனசில்லை. அங்கே நின்ற ஜவான், "உங்களுக்கு யாரம்மா?" என்று இந்தியில் கேட்டான். அண்ணன், யாழ்ப்பாணத்தில் சண்டையில் போனார், 1987 என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அன்றுதான்.

ஜீப் கவிழ்ந்தது என்று உன்னிடம் சொன்னது பொய்டா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர், அந்த அக்டோபரில் புலிகளோடு நடந்த சண்டையில் குண்டு பட்டு விழுந்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் தந்தி வந்தது. பாட்டி அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்தாள், அது அடுப்பிலேயே கரிந்து வீடெல்லாம் புகை. அப்போது நம் ஆட்களே "தமிழனைச் சுடப் போனவன்தானே" என்றார்கள், 1990-ல் படை திரும்பிச் சென்னையில் இறங்கியபோது முதலமைச்சர்கூட வரவேற்கப் போகவில்லை. 1,100 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. அங்கே செத்த சனமும் எவ்வளவோ, அந்த வீடுகளிலும் அழுதிருப்பார்கள்தான், ஆனால் அவர் என் அண்ணன். எனக்கு வரன் பேச வந்தவர்கள் கேட்டபோது பயந்துபோய் விபத்து என்றேன், அப்புறம் அதையே சொல்லிப் பழகிவிட்டது. நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எங்கே என்னை நீ மட்டமாக நினைப்பாயோ என்று இருந்துவிட்டேன்.

பரம்வீர் சக்ரா வாங்கிய 21 பேரின் சிலைகளும் அங்கே இருக்கின்றன. மாமா போன அதே 1987 நவம்பரில் அதே இலங்கையில் உயிர்விட்ட மேஜர் பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர், அவர் முன்னாலும் கொஞ்சம் நின்றேன். லீவில் வா, மாமா கல்லைக் காட்டுகிறேன்.

வலை கிழிந்திருந்தால் தைத்துக்கொள். ஞாயிறு ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்திருப்பேன், எத்தனை மணியானாலும் பண்ணு.

அம்மா