பாராலீகல் படிப்பு: பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

வக்கீல் ஆபீஸில் வக்கீலுக்கு உதவியாக இருக்கிற பாராலீகல் வேலைக்கு டிகிரி சேரப்போவதாக ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதும் நான் எதுவும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லைம்மா. மதுரை ஜில்லா கோர்ட்டில் 34 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு தூக்கியவனின் மகள், டெக்ஸாஸில் உட்கார்ந்துகொண்டு கிட்டத்தட்ட அதே வேலைக்குப் படிக்கிறேன் என்கிறாள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் ராத்திரி படுத்தால் அந்தப் படிப்புக்கு ஆகும் 40,000 டாலர்தான் கண்முன் நிற்கிறது. நம் கணக்கில் 34 லட்சத்துக்குக் குறையாது, அதில் பாதிக்கு மேல் கடன் என்கிறாய். நாலு வருஷம் வேறு. வேலை நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வேலைக்கு இந்த விலை கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நீ ஏற்கெனவே பி.காம் படித்தவள். வேறு பாடத்தில் டிகிரி இருக்கிறவர்கள் அங்கே பாராலீகல் சர்டிபிகேட் மட்டும் முடித்து வேலைக்குப் போகிறார்கள், நிறைய ஆபீஸில் அது போதும். டெக்ஸாஸில் பாராலீகலாக வேலை பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. அங்கத்து வக்கீல்கள் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் சில படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது, ஆள் எடுக்கும்போது அதைப் பார்க்கிற ஆபீஸ்களும் உண்டு, அதனால் குறைந்த கட்டணத்தில் நடக்கிற உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாலும் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேள். ஒரே ஒரு சிக்கல், உன்னுடையது மூன்று வருஷ டிகிரி. அதை அங்கே நாலு வருஷ டிகிரிக்குச் சமமாக எல்லா இடத்திலும் எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் அதை மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பார்த்துவிடு.

சம்பளத்தையும் மாப்பிள்ளையை வைத்துப் பார்த்தேன். அங்கத்து அரசாங்கக் கணக்குப்படி 2024-ல் பாராலீகல்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவருக்கு வருஷத்துக்கு 61,000 டாலர் சுமார். புதிதாகச் சேர்கிற உனக்கு அதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். வரும் வருஷங்களில் இந்த வேலைகள் பெரிதாகப் பெருகவும் போவதில்லை என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் கடனும் கட்டி, பேரனையும் வளர்க்க வேண்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், முனிசீப் கோர்ட்டில் நிலத்தைத் தோற்றுவிட்டு வந்தார். அப்பீலுக்கு 30 நாள். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் வக்கீல் ஒருவர், நன்றாகப் படித்த பையன்தான், தீர்ப்புத் தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு கெடு தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் வேப்பமரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தீர்ப்பு நகலை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். அங்கே ரப்பர் ஸ்டாம்பில் வரிசையாக இருக்கும், காப்பிக்கு மனுப் போட்ட தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, காப்பி தயாரான தேதி. நகல் வாங்க ஆன நாட்களைக் கழிக்கலாம், கழித்தால் இன்னும் இரண்டு நாள் பாக்கி. மறுநாளே தாக்கல் செய்தோம். அந்த ஸ்டாம்பைப் படிக்க எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித்தரவில்லை, மேஜையடியில் உட்கார்ந்து கட்டுப் பிரித்துக் கட்டியதில் வந்தது. உனக்கும் வேலைக்குள் போய்த்தான் வரும், அதனால்தான் சீக்கிரம் உள்ளே போ என்கிறேன்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் போனில் முடியவில்லை. அந்தக் கெடுவைக் கண்டுபிடித்தது நான், ஆனால் கோர்ட்டில் எழுந்து பேசியது அந்த ஜூனியர். இன்று அவர் பெரிய சீனியர், உலகனேரி ஹைகோர்ட்டு கிளையில் கார் வைத்துப் போய் வருகிறார், என்னைப் பார்த்தால் இப்போதும் நின்று பேசுவார். அங்கேயும் பாராலீகல் வக்கீலுக்குக் கீழேதான், கட்சிக்காரருக்கு நேரடியாகச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, வாதாடவும் முடியாது. எனக்கு 26 வயதில் சட்டக் கல்லூரியில் சேர நினைப்பிருந்தது, உன் அத்தைகள் கல்யாணம் முன்னால் நின்றது, சேரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை பாப்பா. ஒருநாள் நீ வக்கீலாகவே ஆசைப்பட்டால் அங்கே டிகிரிக்கு மேல் இன்னும் மூன்று வருஷம் சட்டம் படிக்க வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். அதை இப்போதே இந்த டிகிரியில் கரைத்துவிடாதே. சர்டிபிகேட் முடி, ஒரு ஆபீஸில் ஒரு வருஷம் இரு, இந்தக் காகிதங்கள் உனக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கிரீன் கார்டும் வந்துவிட்டதால் வேலைக்குத் தடை இல்லை.

உன் மார்க் ஷீட்டெல்லாம் பீரோ மேல்தட்டில் வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். மதிப்பீட்டுக்கு யூனிவர்சிட்டியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்களாம். என் பெயருக்கு ஒரு அதிகாரக் கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்பு, திங்கட்கிழமை காலையிலேயே நாகமலை பஸ் ஏறிப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறேன். எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்று விசாரித்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா