கொட்டகையின் பின்பக்கம்

திருகோணமலை
மார்கழி

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் எதற்கு, வட்ஸ்அப்பில் சொல்லலாமே என்பாய். வட்ஸ்அப்பில் நான் நாலு சொல் பேசுவதற்குள் "கடையில ஆக்கள் நிக்கினம் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். இப்போது 12 நாளாக அதுவும் இல்லை. பரவாயில்லை, நத்தார்ச் சந்தை முடியும்வரை உனக்கு நேரம் இருக்காது. கோபம் இல்லை.

நீ கடைசியாக அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரிச் நகரத்துச் சந்தையில் என் மகள் உளுந்துவடை சுடுகிறாள், வெள்ளைக்காரச் சனம் வரிசையில் நிற்கிறது! பத்திரகாளி அம்மன் கோவிலடியில் அந்தப் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. வடையின் ஓட்டையைப் பார்த்தே அம்மாவின் கை என்று உன் மாமி சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தனியே இருந்து பார்க்கும்போதுதான் மற்றவை கண்ணில் பட்டன. கொட்டகையை மூன்று பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறாய். பின்னால் கேஸ் ஹீற்றர் சிவப்பாக எரிகிறது. உன் காலுக்குக் கீழே வெறும் சீமெந்து. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நீ மட்டும். போன வருடப் படங்களில் மருமகனின் கையாவது மாவுச் சட்டிக்குள் தெரியும். சரி, அவருக்கு வேலை இருந்திருக்கும்.

பின்பக்கத்தைத் திறந்து வை. குளிர் வந்தாலும் பரவாயில்லை, திறந்து வை. கேஸ் எரியும் இடத்தை மூடக்கூடாது.

முதலில் காலைப் பார். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவளுக்குக் குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும். தடித்த இறப்பர் விரிப்பு வாங்கிப் போடு. அதுவரைக்கும் மரப்பலகை, அதற்கு மேல் நாலைந்து அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டு நில். மேஸ் இரண்டு சோடி போட்டால் நல்லதென்று நினைத்து சப்பாத்துக்குள் காலை நெரிக்காதே, இறுகினால் இரத்தம் ஓடாது. ஒரு சோடி கம்பளி மேஸும் ஓர் அளவு பெரிய சப்பாத்தும் போதும்.

2022ஆம் ஆண்டு மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆடுமாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்ததை உனக்குப் போனில் சொன்னேன், நினைவிருக்கும். உங்கள் ஊரோடு பார்த்தால் அது குளிரே இல்லை. நனைந்த உடம்பில் வாடைக்காற்று விடாமல் அடித்தது, அதுதான் அவற்றைக் கொன்றது. அடுப்படியில் நிற்கும் உனக்கும் உடம்பு வேர்க்கும். பருத்திச் சட்டை அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு காற்றுப் பட்டதும் விறைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் தடித்தது, வெளியே காற்றுப் புகாத ஜக்கெட் என்று போடு. வேர்க்க முன்னம் ஒன்றைக் கழற்று. இன்னொரு உட்சட்டையைப் பையில் வைத்திரு.

மாவுக் கையோடு, ஈரக் கையோடு வெளியே இரும்பைத் தொடாதே. விரல் வெளுத்து உணர்வு இல்லாமல் போனால் தேய்க்கக்கூடாது, நெருப்பிலும் காட்டக்கூடாது. சுடுவது தெரியாமலே வெந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வை. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கை தாங்கும் சூடு உனக்குத் தெரியும், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் வைத்தியரிடம் போ. பக்கத்துக் கடைகளில் சூடாக்கிய வைன் விற்பார்களாம். குடித்தால் சூடு ஏறியது போல இருக்குமே தவிர உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். இதை மருமகனுக்கும் சொல்லு. உனக்குத் தேத்தண்ணி போதும், சீனி கூடப் போட்டுக் குடி. வடை விற்கிறவள் பட்டினி கிடக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

பின்பக்கத்தைத் திறந்து வை என்றேன் அல்லவா. ஏன் என்று சொல்லவேண்டும்.

உனக்கு 9 வயது. திருவெம்பாவைக்கு விடிய 4 மணிக்கே கடை திறந்துவிடுவோம். அன்று மழை சுழற்றி அடித்தது. மா நனைந்துவிடும் என்று தறப்பாளை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியது நான்தான். உள்ளே இரண்டு சிரட்டைக்கரி அடுப்பு. நீ தலையிடிக்குது என்றாய், பிறகு சத்தி எடுத்தாய். வேலைக் கள்ளம் என்று ஏசினேன். கொஞ்ச நேரத்தில் அம்மா மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் சரிந்தாள். தூக்கிக்கொண்டு வெளியே மழைக்குள் கிடத்திய பிறகுதான் கண் திறந்தாள்.

கூடிய சனத்துக்கு, விரதம், வெறும் வயிறு, அதுதான் மயக்கம் என்று சொன்னேன். அம்மாவும் அதை நம்பினாள். அதற்குப் பிறகு அவளை நான் விரதம் பிடிக்க விடவில்லை. கடைசிவரை அந்தக் குறை அவளுக்கு இருந்தது.

பல வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தது காதில் விழுந்தது. காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தை ஒட்சிசன் கொண்டுபோக விடாது. தலையிடி, சத்தி, மயக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நான் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கே அம்மாவிடம் போய், "பிழை உன் விரதத்தில இல்லையப்பா, நான் கட்டின தறப்பாளில" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம் என்று வருடங்கள் போய்விட்டன. அம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்குக் கன்னியாவில் தண்ணீர் அள்ளி ஊற்றும்போதும் அது என் வாய்க்குள்தான் இருந்தது. நீ பக்கத்தில் நின்றாய், உனக்கும் சொல்லவில்லை.

நீ கள்ளம் செய்யவில்லை மகள். உனக்கு உண்மையிலேயே தலையிடித்தது.

இவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தவன் உன்னிடம் எதையும் துருவிக் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன். அந்த வாயுவுக்கு அலாரம் இருக்கிறதாம், பற்றறியில் வேலை செய்யும். அதை வாங்கிக் கொட்டகைக்குள் வை. காசு நான் அனுப்புகிறேன். சிரிக்காதே, கடை வாடகைக் காசு கையில் இருக்கிறது.

திறந்து வைத்துவிட்டு ஒரு படம் அனுப்பு. நீ முன்னால் நின்று எடுத்தால் பின்பக்கம் தெரியாது, இன்னொருவர்தான் எடுக்கவேண்டும். யார் எடுத்தது என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா