சில நானோலிட்டருக்கு ஒரு குழாய் ரத்தமா? மருத்துவ ஆய்வகத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வகத் தலைவர்களுக்கு,

வணக்கம். உடல் திரவங்களில் அமினோ அமிலங்களையும் அவற்றின் வளர்சிதைப் பொருள்களையும் அளப்பது என் அன்றாட வேலை. அந்த உரிமையில் கேட்கிறேன்: மெல்லிய குழாயில் மின்சாரத்தால் மூலக்கூறுகளைப் பிரித்து அளக்கும் கேபிலரி எலெக்ட்ரோபோரெசிஸ் கருவி உள்ள இடங்களில், பச்சிளங்குழந்தைகளிடம் எடுக்கும் ரத்தத்தின் அளவைக் குறைத்து விதிமுறையைத் திருத்துங்கள்.

அந்தக் கருவியின் கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 25 முதல் 75 மைக்ரோமீட்டர்தான். 20,000, 30,000 வோல்ட் செலுத்தும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன் மின்னூட்டத்துக்கும் பருமனுக்கும் தக்கபடி நகர்ந்து பிரிகிறது. உள்ளே போகும் மாதிரி சில நானோலிட்டர். புரதம் நீக்க, ஒளிரும் சாயம் ஏற்ற, மறுமுறை ஓட்ட என்று எல்லாம் சேர்த்தாலும் சில பத்து மைக்ரோலிட்டர் பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) போதும். நாமோ அமினோ அமிலங்களைப் பிரிக்கும் பழைய அயனிப் பரிமாற்ற முறைக்கு எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு குழாய் நிறைய ரத்தம் எடுத்து, மிச்சத்தைக் கொட்டுகிறோம். ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 90 மில்லிலிட்டர். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் சரிவரச் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறான ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள குழந்தைக்கோ ஒரு முறையோடு சோதனை முடிவதில்லை. அந்த அமினோ அமிலத்தின் அளவை ஆண்டுக்கணக்கில் பார்த்துவர வேண்டும்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலான அமினோ அமிலங்கள் புற ஊதா ஒளியைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. ஒளி கடக்கும் தொலைவும் அந்த மெல்லிய உள்விட்டமே. அதனால்தான் சாயமும் லேசரும், அல்லது மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியும் தேவைப்படுகின்றன. எஞ்சிய புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டினால் நகர்வு நேரம் மாறும். ஓட்டங்களுக்கிடையே சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, ஒவ்வொரு மாதிரியிலும் ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த ஓர் அகத்தரப் பொருளைச் சேர்த்தால் சமாளிக்கலாம்.

ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எடுத்த மாதிரிக் குழாயில் கிடக்கும் ரத்த அணுக்கள் அதைத் தொடர்ந்து வெளியிடும். எனவே மாதிரி உடனே பனிக்கட்டியில் வைக்கப்பட்டு, விரைவில் அணுக்கள் பிரிக்கப்பட வேண்டும். பிளாஸ்மாவில் அதன் பெரும்பகுதி டைசல்பைடு பிணைப்பால் (இரு கந்தக அணுக்களின் இணைப்பால்) புரதத்தோடு கட்டுண்டிருக்கிறது. முதலில் வேதி ஒடுக்கத்தால் அந்தப் பிணைப்பை உடைத்து விடுவித்த பிறகே புரதத்தை நீக்க வேண்டும். வரிசை மாறினால், அளக்க வந்த பொருளையே புரதத்தோடு எறிந்துவிடுவோம். இதைப் புதிய படிவத்தில் தனி வரியாக எழுதுங்கள்.

என் சொல்லை நம்பி மாற்ற வேண்டாம். வழக்கமான சோதனைக்குப் பின் மிஞ்சும் பெரியவர்களின் மாதிரிகளில், உரிய அனுமதியோடு, பழைய அளவு, குறைந்த அளவு இரண்டிலும் கிடைக்கும் முடிவுகளை ஒப்பிடச் செய்யுங்கள். முடிவுகள் ஒத்துவந்தால் படிவத்தில் ரத்த அளவைக் குறிக்கும் அந்த ஓர் எண்ணைத் திருத்துங்கள். ஒப்பீட்டு வேலையை என் பணி நேரத்துக்குப் பிறகு செய்துதர நான் தயாராக இருக்கிறேன்.

பணிவுடன்,
ஓர் ஆய்வகப் பணியாளர்