ஏதென்ஸுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்க் குழுக்களை ஐரோப்பியச் சுற்றுலாவில் ஏதென்ஸுக்கு அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாத வெயிலில் எங்கள் குழு அக்ரோபொலிஸுக்குள் போகாமலே வாசலோடு திரும்பியது உங்களுக்கே தெரியும். ஏதென்ஸில் ஒரு குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் நிற்கும் இடம் அது. புகார் அனுப்பியபோது, "அரசாங்கம் மூடினால் நாங்கள் என்ன செய்வது?" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

மூடியது அரசாங்கம்தான். கடும் வெயில் அலை வீசும் நாட்களில் அக்ரோபொலிஸை மதியம் மூடுவது சில ஆண்டுகளாகவே நடக்கிறது. மேலே நிழல் கிடையாது. அங்கே காவலுக்கு நிற்பவர்களும் மனிதர்கள்தான். அன்று பிற்பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை மூடல் என்று முந்தின நாளே அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால் கோடையில் காலை எட்டு மணிக்கே திறக்கிறார்களே, அப்போது நாங்கள் எங்கே இருந்தோம்? ஓட்டலில். பத்து மணிக்குத் தோல்பொருள் கடையில். அப்புறம் ஆலிவ் எண்ணெய்க் கடையில். மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசல் சாத்தியிருந்தது.

எங்களோடு ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். சாத்திய வாசலுக்கு வெளியே, இருந்த கொஞ்சம் மர நிழலில் நின்றுகொண்டு அவர்தான் எங்களுக்கு அக்ரோபொலிஸின் மேலே இருக்கும் பார்த்தினன் கோயிலைப் பற்றிச் சொன்னார். கி.மு. 447இல் கட்டத் தொடங்கியது, தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்து உள்பக்கம் சாய்ந்திருப்பது, 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, துருக்கியர் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். பிறகு உங்கள் வழிகாட்டியிடம், "அந்தப் புடைப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கணும்னு இருந்தேன் தம்பி. ஐந்து மணிக்குத் திறப்பாங்களாமே?" என்று கேட்டார். "சௌனியனுக்கு லேட் ஆயிடும் சார்" என்று பதில் வந்தது. அன்று மாலை நாங்கள் போக வேண்டிய கடலோர இடம் சௌனியன். அவர் மறுபேச்சு பேசவில்லை, பேருந்தில் ஏறிவிட்டார். அவரால் இன்னொரு முறை அவ்வளவு தூரம் வர முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அக்ரோபொலிஸைக் காலை எட்டு மணிக்கு வையுங்கள். நுழைவுச்சீட்டே நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். எந்த நேரத்துக்கு வாங்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. கடைகள் மதியமும் திறந்துதான் இருக்கும்.

சௌனியனைக் குறை சொல்ல மாட்டேன். கடலுக்கு மேலே பாறை முனையில் நிற்கும், கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் கோயிலை மாலை வெயிலில் பார்த்தது பெரிய பாக்கியம். ஆனால் ஏதென்ஸிலேயே இருக்கும் ஒலிம்பிய சியூஸ் கோயிலை வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நிறுத்திக் காட்டியது எந்தக் கணக்கு? 104 தூண்களில் இன்று 15தான் நிற்கின்றன. 1852ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்த ஒரு தூண், நறுக்கிய வாழைத்தண்டு வில்லைகள்போல் வரிசையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் "போட்டோ எடுத்தாச்சா, ஏறுங்க" என்ற குரல். ஏதென்ஸ் மட்டும் இல்லை, ரோமிலும் பாரிஸிலும் இதே கதைதான். ஊர்ப் பெயர்களை அடுக்கி விளம்பரம் போடுகிறீர்கள், போன ஊரில் நிற்க விடுவதில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இப்படி விரட்டுவது நியாயமா?

கோபத்தில் எழுதுகிறேன் என்பது தெரிகிறது. ஆனாலும் வேண்டுகோளாகவே கேட்கிறேன். அடுத்த குழுவின் பயண அட்டவணையில் ஏதென்ஸ் நாளின் முதல் வரியாக "காலை 8 மணி, அக்ரோபொலிஸ்" என்று அச்சிடுங்கள். படியேற முடியாதவர்களுக்கு அங்கே மின்தூக்கி இருப்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி வருத்தம் தெரிவியுங்கள். முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
அன்று வாசலில் நின்ற குழுவில் ஒருவர்