அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வராத பையன்கள்

சாண்ட்லர், அரிசோனா
4 ஜனவரி 2026

அன்புள்ள மாப்ள,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. கட்டுப் பிரித்ததும் உன் முகத்தைப் பார்த்து, "என்னடா, தலையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு" என்று கேட்டார்களாமே. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. நீ மே மாதம் ஓய்வு பெறுகிறாய். அந்த விழாவுக்குக் கட்டாயம் வருவேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவன் டெம்பியில் அரிசோனா ஸ்டேட்டில் மூன்றாம் வருஷம் படிக்கிறான்.

கடிதத்தின் கடைசியில், இங்கே அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் ஆடும் பையன்களைப் பற்றி நாலு வரி கோபமாக எழுதியிருந்தாய். "காலேஜ் செலவுல மூணு வருஷம் ஆடிட்டு, சீசனோட கடைசி மேட்ச்சுக்கு மட்டும் வரமாட்டேங்கிறானுங்களாமே, இவனுங்களுக்கு டீம் பாசமே கிடையாதா?" என்று. முப்பது வருஷத்துக்கு மேல் விசில் ஊதிப் பையன்களை மைதானத்துக்குக் கொண்டு வந்தவன் நீ, உனக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் அதே கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று உனக்கு எழுதத்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நீ சொல்லிக்கொடுக்கும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். கல்லூரி அணிகளுக்குச் சீசனில் 12 ஆட்டம். அதில் ஆறு ஜெயித்துவிட்டால் டிசம்பர் கடைசியில் ஒரு 'பௌல்' ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். கிரிக்கெட் பௌலிங் இல்லை, கிண்ணம் என்ற பொருளில் பௌல். கிண்ணம் மாதிரிக் கட்டின மைதானங்களால் வந்த பெயர். 1902 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் மிஷிகனும் ஸ்டான்ஃபோர்டும் ஆடியதுதான் தொடக்கம். இன்று நாற்பதுக்கு மேல் பௌல் ஆட்டங்கள் நடக்கின்றன. பட்டத்துக்கான போட்டி தனி, 2024 சீசனிலிருந்து அதில் 12 அணிகள். மற்ற பௌல்களில் ஜெயித்தால் ஒரு கோப்பையும் ஊர்வலமும் உண்டு, பட்டம் கிடையாது. பட்டப் போட்டிக்குப் பொதுவாக யாரும் வராமல் இருப்பதில்லை. போன வருஷம் ஜனவரி 1ஆம் தேதி, அந்தப் போட்டியின் கால் இறுதியில், சின்னவனின் கல்லூரிக்காக கேம் ஸ்கேட்டபோ மைதான ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் ஓடினார். பையன்கள் ஒதுங்குவது மற்ற பௌல்களில்தான்.

ஒதுங்குகிறவர்கள் அணியிலேயே சிறந்த பையன்கள். ஏப்ரலில் என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை லீக்கின் டிராஃப்ட் வரும். தொழில்முறை அணிகள் வரிசையாகக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாயோ அதற்கேற்ற சம்பளம், முதல் நாலு வருஷத்துக்கு. அதற்கு முன்னால் அடிபட்டால் வரிசையில் கீழே போய்விடுவாய். ஓடிப் பந்து கொண்டுபோகிறவனுக்கு அந்த நாலு வருஷமே பெரிய ஆயுசு.

என் கோபம் போன நாளைச் சொல்கிறேன். 2016 ஜனவரி 1. சரியாகப் பத்து வருஷம் ஆகிறது. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒஹையோ ஸ்டேட்டில் படித்தவர். அவரிடம் ஃபியஸ்டா பௌலுக்கு ஒரு டிக்கெட் மிச்சமிருந்தது. வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு 101 நெடுஞ்சாலை பிடித்து கிளெண்டேல் போனோம். அந்த மைதானத்தின் புல்தரையே ஒரு பெரிய தட்டில் வளர்கிறது, தெரியுமா? ஆட்டமில்லாத நாளில் வெயில் படட்டும் என்று தரையோடு வெளியே உருட்டி வைப்பார்கள், ஆட்டத்தன்று உள்ளே உருட்டி வருவார்கள். புல்லுக்கு அவ்வளவு பராமரிப்பு.

ஒஹையோ ஸ்டேட்டும் நோட்டர் டேமும். நோட்டர் டேமில் 9ஆம் நம்பர் ஜேலன் ஸ்மித். நாட்டிலேயே சிறந்த லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டக்காரன், என்று அந்த வருஷம் விருது வாங்கிய பையன், இருபது வயது. டிராஃப்டில் முதல் ஐந்தாறு பேருக்குள் போய்விடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்டத்தின் முதல் கால் பகுதி. அந்த நகர்வு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, பந்து வேறு பக்கம். எதிரணி ஆள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ஆட்டத்தில் சாதாரணமாக நடக்கிற தள்ளுதான். பையனின் இடது கால் புல்லில் ஊன்றியபடியே இருந்தது, உடம்பு மட்டும் பின்னால் போனது. முட்டி, மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. எழுபதாயிரம் பேர் போட்டுக்கொண்டிருந்த சத்தம் அப்படியே அடங்கியது. எனக்கு முன்வரிசையில் நோட்டர் டேம் தொப்பி போட்ட ஒரு பெரியவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும் வரை அவர் அதைத் திரும்ப மாட்டவில்லை.

இரண்டு தசைநார் அறுந்தது. கூடவே பாதத்துக்குப் போகும் நரம்பும் அடிபட்டது. பாதத்தைத் தூக்க முடியவில்லை.

அதே ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டுக்காக நாலு டச்டவுன் (நம் கால்பந்தில் கோல் மாதிரி) போட்டவர் எசக்கியேல் எலியட். அந்த ஏப்ரலில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி எலியட்டை 4ஆவது ஆளாக எடுத்தது. ஸ்மித்தையும் அதே டல்லாஸ்தான் எடுத்தது, 34ஆவது ஆளாக. எலியட்டுக்கு நாலு வருஷத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர். ஸ்மித்துக்குச் சுமார் 65 லட்சம். ஒரே மைதானம், ஒரே காலை, ஒரே அணி. அந்த முதல் வருஷம் முழுக்க ஸ்மித் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு பாதத்தில் பட்டை கட்டிக்கொண்டு ஆடி, 2019 சீசனில் புரோ பௌல் என்கிற என்.எஃப்.எல். நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த மனஉறுதியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். "திரும்ப அந்த நாள் வந்தாலும் ஆடுவேன்" என்ற பொருளில் அவரே சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. அதை அவர் சொல்லலாம், நாம் இன்னொரு பையனிடம் கேட்டு வாங்க முடியாது.

அந்த 2016 டிசம்பரிலேயே இரண்டு பேர் ஒதுங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்கேஃப்ரி சன் பௌலுக்கு வரவில்லை, எல்.எஸ்.யு.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) லெனார்ட் ஃபோர்னெட் சிட்ரஸ் பௌலுக்கு வரவில்லை. டி.வி.யில் பேசியவர்கள் அவர்களை ஒரு பிடி பிடித்தார்கள். சுயநலம், துரோகம், இன்னும் என்னென்னவோ. அவர்கள் இல்லாமலே இரண்டு அணியும் ஜெயித்தன.

மெக்கேஃப்ரி இடத்தில், சன் பௌல் நடந்த எல் பாசோவில் அன்று ஓடியவர் பிரைஸ் லவ். இவருடைய கதையை நீ கேட்டே ஆகவேண்டும் மாப்ள. அன்று நன்றாக ஓடினார், ஒரு டச்டவுனும் போட்டார். அடுத்த வருஷம், 2017இல், 2,118 கஜம் ஓடி நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம். அப்போதே டிராஃப்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குழந்தை மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்ட பையன், படிப்பை முடிக்கிறேன், அணியோடு இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்று தங்கினார். நீ கேட்கிற பாசம் முழுசாக அவரிடம் இருந்தது. 2018 டிசம்பர் 1, பௌலுக்கு முந்தின கடைசிச் சீசன் ஆட்டத்தில் முட்டி போயிற்று. டிராஃப்டில் நாலாவது சுற்றில் வாஷிங்டன் எடுத்தது. தொழில்முறையில் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தை விட்ட மெக்கேஃப்ரி 8ஆவது ஆளாகப் போய், 2020இல் நாலு வருஷத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். லவ் தப்புச் செய்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அவரைக் காட்டி மெக்கேஃப்ரியைத் திட்டினவர்கள், லவ்வின் முட்டி போன பிறகு எங்கே போனார்கள்?

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 30. ஃபுளோரிடா ஸ்டேட், 13 ஆட்டத்திலும் ஜெயித்த அணி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்குக் கால் உடைந்ததால் அணி பழைய பலத்தில் இல்லை என்று காரணம் சொல்லி, பட்டப் போட்டியில் சேர்க்காமல் விட்டார்கள். அந்த வெறுப்பில் இருபதுக்கு மேற்பட்ட பையன்கள் ஆரஞ்ச் பௌலுக்கு வரவில்லை. இரண்டாவது குவார்ட்டர்பேக்கும் வேறு கல்லூரி தேடிக் கிளம்பிவிட்டான். மிஞ்சியது முதல் வருஷப் பையன் பிராக் க்ளென். எதிரே ஜார்ஜியா. 63க்கு 3. பௌல் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. அந்தப் பையன் எழுந்து எழுந்து நின்றதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். ஒதுங்குகிறவன், தன் இடத்தில் நின்று அடிவாங்கப்போகிற தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். இதில் நீயும் நானும் ஒரே கட்சி.

ஆனால் பாசத்தைப் பற்றிப் பேச கோச்சுகளுக்கு என்ன வாய் இருக்கிறது, சொல். 2021 நவம்பர் கடைசியில் நோட்டர் டேமின் கோச் பிரையன் கெல்லி, பௌல் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே எல்.எஸ்.யு.வுக்குப் போனார். பத்து வருஷ ஒப்பந்தம், 9.5 கோடி டாலருக்குக் குறையாது. பையன்கள் புதுக் கோச்சோடு இதே கிளெண்டேலுக்கு வந்து ஆடி, 37க்கு 35 என்று தோற்றார்கள். போன மாதம் நோட்டர் டேமைப் பட்டப் போட்டியில் சேர்க்கவில்லை என்றதும், எங்களுக்கு எந்தப் பௌலும் வேண்டாம் என்று அந்த அணி மொத்தமாகவே ஒதுங்கிவிட்டது. அணியே போகாமல் இருக்கலாம், கோச் நடுவில் கிளம்பலாம், முட்டியைப் பணயம் வைக்கிறவன் மட்டும் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு விஷயத்தில் எனக்கே மனசு இன்னும் தெளியவில்லை. முன்பெல்லாம் பையனுக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும்தான். 2021 ஜூலையிலிருந்து தன் பெயரை, படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றார்கள். இந்தச் சீசனிலிருந்து கல்லூரியே நேராகப் பணம் தருகிறது, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் வரை. "சம்பளம் வாங்கறான்னா கடைசி நாள் வரைக்கும் வேலைக்கு வரணும்ல, அப்பா" என்கிறான் சின்னவன். ஒப்பந்தத்தில் அந்த ஆட்டத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அவன் சொல்வது சரி. வாங்கின பணத்துக்கு ஆடவேண்டியதுதான். அப்போது அதற்குப் பெயர் ஒப்பந்தம், பாசம் என்று சொல்லி அவனைக் கூசவைக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, உனக்கும் தெரியும். 1986, நம் கல்லூரியின் கபடி ஃபைனல். பெயர் எழுத வேண்டாம். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. "இன்னும் பதினஞ்சு நாள்ல போலீஸ் செலக்‌ஷன்டா, ஓட்டம் இருக்குடா" என்றான். "ஒரே ஒரு மேட்ச்சுடா, காலேஜுக்காக" என்றோம். கிரேப் பேண்டேஜை நீ சுற்றினாய், நான் பின் குத்தினேன். ஜெயித்தோம். கோப்பை முதல்வர் அறைக் கண்ணாடி பீரோவுக்குள் போனது. அவன் செலக்‌ஷனுக்குப் போகவே முடியவில்லை. கல்லூரியிலிருந்து அவனைப் போய்ப் பார்த்தவர்கள் யார்? நாம் இரண்டு பேர், அதுவும் எத்தனை தடவை? கிளெண்டேலில் அந்தப் பையன் புல்லில் கிடந்தபோது என் விரலில் அந்தப் பின்தான் உறுத்தியது.

போன முறை ஊருக்கு வந்தபோது அவனைப் பஸ் ஸ்டாண்டு மேம்பாலத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். கூப்பிட வாய் வரவில்லை எனக்கு.

மே மாதம் உன் விழா முடிந்த மறுநாள் நாம் இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போகலாம். இப்போது மாடிப் போர்ஷனுக்குக் குடிபோயிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிவிடு, ஆனால் வாசலுக்கு வந்து நிற்கச் சொல்லாதே. நாம் ஏறிப் போவோம்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் பழைய ரூம்மேட்