ரிமோட்டை எட்டாத இடத்துல வெச்ச கோச்சுக்கு

எல்லாருக்கும் வணக்கம். எழுதணும் எழுதணும்னு நெனச்சு ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுட்டேன், அடிபட்டது கால்லதான், கைக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எழுத உக்காந்தா தொண்டை அடைச்சுக்குது. நேத்து டாக்டர் இனி வாக்கர் வேணாம்னு சொல்லிட்டாரு, அந்த சூட்டோட எழுதிடறேன். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும், பாதிப் பேரு கிரிக்கெட் கிரவுண்டுலதான் நின்னீங்க, அதைத் திரும்பக் கிளற வேணாம்.

டப்பா டப்பாவா சாப்பாடு கொண்டாந்த அக்காங்க, பசங்கள ஸ்கூல்ல விட்டு கூட்டிட்டு வந்த அண்ணன், எமர்ஜென்சில விடிய விடிய முழிச்சிருந்த டீம் பசங்க, இன்சூரன்ஸ் பேப்பரை எனக்காகப் படிச்சு ஃபோன்ல மல்லுக்கட்டின தம்பி, எல்லாருக்கும் ஒரே மூச்சுல நன்றி சொல்லிக்கறேன். கோச்சுக்காதீங்க, மீதி இடம் கோச்சுக்கு வேணும்.

எங்க எதிர் வீட்டுப் பெரியவரைத்தான் சொல்றேன். ரிட்டயர் ஆன பி.டி. வாத்தியார், தெருவே அவரை கோச்னுதான் கூப்பிடும். நாலு வருஷமா எதிரெதிர் வீடு, பாத்தா கையாட்டுவோம், அவ்ளோதான் பழக்கம். ஹாஸ்பிடல்லேர்ந்து வந்த மூணாவது நாள் சாயங்காலம் கதவைத் தட்டினாரு, கையில ஒரு பழைய டிவிடி ப்ளேயர், ஒரு அட்டைப்பெட்டி. எப்படி இருக்கேன்னு கேக்கல. காலைப் பாக்கவே இல்ல. நீ ஃபாஸ்ட் பௌலர்தானே, இதைப் பாத்திருக்கியான்னு மட்டும் கேட்டாரு.

ஈஸ்ட்பவுண்ட் அண்ட் டவுன். அமெரிக்காவுல எச்பிஓ சேனல்ல 2009லேர்ந்து 2013 வரைக்கும் வந்த காமெடி சீரியல், நாலு சீசன், மொத்தம் 29 எபிசோடு. கென்னி பவர்ஸ்னு ஒருத்தன், ஒரு காலத்துல பெரிய பேஸ்பால் பிட்சர், பந்து புயல் மாதிரி வரும், வாயும் அதே வேகம். வேகம் போச்சு, வாய் மட்டும் போகல. எந்த டீமும் சேத்துக்காம கடைசியில சொந்த ஊருக்கே வந்து அண்ணன் வீட்டுல ஒட்டிக்கிட்டு, படிச்ச ஊர்லயே ஸ்கூல்ல தற்காலிக பி.டி. வாத்தியாரா சேர்றான். டேனி மெக்பிரைட்தான் கென்னி. முன்னாடி கம்மியா பின்னாடி தோள் வரைக்கும் முடி, அதைப் பாத்துட்டு எங்கம்மா அவனுக்கு வெச்ச பேரு பரட்டை. பேசறது ஒண்ணும் புரியாது அவங்களுக்கு, புரியாம இருக்கறதுதான் நல்லது, அவ்ளோ கெட்ட வார்த்தை. கோச்சுக்கு காபி குடுத்துட்டு, பரட்டை இன்னிக்கு யார் குடியைக் கெடுத்தான்னு கேட்டுட்டு உள்ள போயிடுவாங்க.

செவ்வாய், வியாழன், சனி. ஏழு மணிக்கு வருவாரு, ஒரே ஒரு எபிசோடு, அரை மணி நேரம், கெளம்பிடுவாரு. ஸ்கூல் சீன் வந்தா மட்டும் அவரால சும்மா இருக்க முடியாது, விசில் ஊதற விதமே தப்பும்பாரு, பசங்கள இப்படி வரிசையில நிக்க விட்டா என் வேலை அன்னிக்கே போயிருக்கும்பாரு. கதை நடக்கறது நம்ம நார்த் கரோலினாவுல ஷெல்பிங்கற ஊர்ல, இங்க சார்லட்லேர்ந்து மேற்கால ஒரு மணி நேரத்துல போயிடலாம், ஆனா ஷூட்டிங் எடுத்தது கடலோரத்துல வில்மிங்டன்ல. மலையடிவாரத்து ஊரைக் கொண்டு போயி கடற்கரையில வெச்சுட்டானுங்கன்னு ஒவ்வொரு தடவையும் திட்டு. அடுத்த நிமிஷமே, இதை எழுதின மூணு பேரும், மெக்பிரைட், ஜோடி ஹில், பென் பெஸ்ட், வின்ஸ்டன் சேலம் ஆர்ட்ஸ் ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவனுங்க, நம்ம நார்த் கரோலினா தயாரிப்புன்னு பெருமை.

இப்ப விஷயத்துக்கு வரேன். மொத நாள் எபிசோடு முடிஞ்சதும் ரிமோட்டை டிவி ஸ்டாண்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. சரி, வயசானவர், மறந்துட்டாருன்னு விட்டுட்டேன். டிவிடி மெனு பாட்டு திரும்பத் திரும்ப ஓடுது, அம்மா தூங்கிட்டாங்க, மனைவி நைட் ஷிஃப்ட், பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வாக்கரைப் பிடிச்சு எழுந்திரிச்சேன். ஆறு அடி தூரம் இருக்கும். போயிட்டு வர்றதுக்குள்ள வேர்த்துப் போச்சு. அடுத்த தடவை ஜன்னல் பக்கம் மறந்துட்டாரு. அதுக்கப்புறம் டைனிங் டேபிள்ல. சில நாள் அவர் இருக்கும்போதே எபிசோடைப் போடணும், ரிமோட் அந்தாண்ட இருக்கும், அவரு கண்ணாடியைத் தேடறேன்னு பையை நோண்டிக்கிட்டே இருப்பாரு, நான் போயி எடுத்துட்டு வந்து உக்காந்தப்புறம்தான் கண்ணாடி கெடைக்கும். எக்சர்சைஸ் பண்ணு நடந்து பழகுன்னு ஊரே சொல்லிக்கிட்டு இருந்தப்போ நான் செவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவன்ங்கறது என் மனைவிக்குத் தெரியும். மூணாவது சீசன்ல, கென்னி மிர்ட்டில் பீச்ங்கற ஊர்ல ஆடிக்கிட்டு இருக்கான், ரிமோட் கிச்சன் மேடையில இருக்கு, அப்பதான் எனக்கு பொறி தட்டிச்சு. கிச்சன் மேடைக்கு ரிமோட் எப்படிய்யா போகும்? அவரைத் திரும்பிப் பாத்தேன், மனுஷன் ரொம்ப சீரியஸா டிவியையே பாத்துக்கிட்டு இருக்காரு, படம் ஓடவே இல்ல.

நான் கேக்கல. அவரும் சொல்லல. இப்ப எழுதிட்டேன், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதேங்கற தைரியம்தான்.

ஒரு நாள் மட்டும் சண்டை வந்துச்சு. மொத சீசன் கடைசியில, நம்பி ஊரை விட்டுக் கூடவே கெளம்பி வந்த பழைய காதலி ஏப்ரலை கேஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டு கென்னி பாட்டுக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிடறான். திரும்ப ஆட வான்னு கூப்பிட்டது இல்லன்னு ஆயிடுச்சு, அதை அவகிட்ட சொல்ல முகம் இல்ல, அதுக்காக இப்படியா? எனக்கு வந்த கோவத்துல ஆஃப் பண்ணுங்கன்னு கத்திட்டேன். கோச் ஒண்ணுமே பேசல, டிஸ்க்கை எடுத்து உறையில போட்டுக்கிட்டு, வியாழக்கிழமை பாக்கலாம்னு போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. அடிபட்டதுலேர்ந்து டீம் பசங்க ஃபோனை நான் எடுக்காம இருந்தது, பாக்க வந்தவங்கள தூங்கறான்னு சொல்லித் திருப்பி அனுப்பினது, எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. நானும்தான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். பசங்களா, அதுக்கு இங்கயே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

ஸ்டீவின்னு ஒரு பேண்ட் வாத்தியார் வருவான், கென்னி என்ன அவமானப்படுத்தினாலும் காலையே சுத்திக்கிட்டு கெடப்பான், ஸ்டீவ் லிட்டில் நடிப்பு பிரமாதம். நீ கென்னி, நான் ஸ்டீவின்னு கோச் ஒரு நாள் சொன்னாரு. தலைகீழா சொல்றீங்கன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு.

இனிமே நான் பௌலிங் போடப் போறது இல்ல, அது தெரிஞ்சு போச்சு, கென்னி மாதிரி நாலு சீசன் இழுக்க மாட்டேன். ஆனா சீசன் ஆரம்பிச்சா ஸ்கோர் புக் என் கையிலதான், வேற எவனும் தொடக்கூடாது. புதுசா வர்ற சின்னப் பசங்க ரன் அப்பை நான்தான் பாப்பேன். தம்ளர் தண்ணியைக்கூட அவனுங்க பக்கத்துல கொண்டு போயி வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

28 எபிசோடு முடிஞ்சுது. கடைசி ஒண்ணுக்கு டிஸ்க்கும் ப்ளேயரும் அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு, எங்க வீட்டு டிவி சரியில்லையாம், அவர் வீட்டுலதான் பாக்கணுமாம். ரோட்டைத் தாண்டணும், வாசல்ல நாலு படி ஏறணும். வர்ற சனிக்கிழமை ஏழு மணிக்குப் போறேன். அம்மாவும் வராங்க, பரட்டை கடைசியில என்ன ஆனான்னு அவங்களுக்குத் தெரியணுமாம். ரிமோட்டை இந்தத் தடவை மாடியில வெச்சிருப்பாருன்னு என் மனைவி சொல்றா.